கை காட்டுகிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது?

கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஜேசிபி, கிரேன், டிப்பர், கான்கிரீட் கலக்கும் மில்லர் என்று மிஷின்களால் நேரும் விபத்துகள் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் தொழிலையும் ஊரையும் மட்டும் தந்திருக்கிறேன்.

கொத்தனார், மணப்பாறை: ஜேசிபி ரிவர்ஸ் வந்தபோது எங்கள் சித்தாள் அம்மாவின் காலில் ஏறிவிட்டது. "ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தேன்" என்கிறார் டிரைவர். "அந்தம்மாவுக்குக் காது கேட்காதா?" என்கிறார் சூப்பர்வைசர். தப்பு யார் மேல்?

முதலில் சூப்பர்வைசர் மேல். ஜேசிபி மண் அள்ளுகிற இடத்திலேயே செங்கல் அடுக்க ஆள் விட்டது டிரைவரும் இல்லை, அந்தம்மாவும் இல்லை.

காது நன்றாகவே கேட்டிருக்கும். காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கும் ஹார்னை மத்தியானத்துக்கு மேல் மனசு வாங்கிக்கொள்ளாது. பக்கத்தில் கம்பி வெட்டும் கட்டரும் வைப்ரேட்டரும் ஓடினால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே பிடிபடாது. டிரைவர் பக்கமும் பாருங்கள். அவருக்குப் பின்னால் தோண்டுகிற கை மடங்கி நிற்கிறது. அதற்கு அப்பால் குனிந்து வேலை செய்கிறவர் கண்ணாடியில் விழமாட்டார்.

ஒன்று செய்து பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜேசிபி சீட்டில் நீங்களே ஏறி உட்காருங்கள். ஒரு ஆளை வண்டியைச் சுற்றிக் குனிந்தபடி நடக்கச் சொல்லுங்கள். எங்கே மறைகிறார், எங்கே மறுபடி தெரிகிறார் என்று பார்த்து, சுண்ணாம்பால் தரையில் கோடு இழுங்கள். சைட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டுங்கள். டிரைவருக்குத் தெரியாத இடம் இவ்வளவு பெரிதா என்று அவர்களே மலைத்துப் போவார்கள்.

ஹார்னும் கண்ணாடியும் துணைக்குத்தான். ரிவர்ஸ் எடுக்கிற மிஷினுக்கு டிரைவர் பார்வையில் நின்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பார்வையிலிருந்து மறைந்தால் டிரைவர் உடனே பிரேக் போட வேண்டும். நம் ஊர் சைட்டுகளில் பெரும்பாலும் அந்த ஆள் இருப்பதில்லை. அவருடைய கூலி ஜேசிபி ஓனர் கணக்கிலா, கான்ட்ராக்டர் கணக்கிலா என்று யாரும் பேசி முடிப்பதில்லை. அந்த ஒரு நாள் கூலி மிச்சமானதற்குத்தான் உங்கள் சித்தாள் காலைக் கொடுத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அரியலூர்: என்னதான் எச்சரிக்கையாக இருந்தாலும் நேரம் சரியில்லை என்றால் விபத்து வரத்தானே செய்யும்?

தொங்குகிற பாரத்துக்கு அடியில் நிற்காதவருக்கு ஏழரைச் சனியே நடந்தாலும் அது தலையில் விழாது ஐயா.

பாலிடெக்னிக் மாணவர், கோவை: 50 டன் கிரேன், தூக்கியது 8 டன். எப்படிச் சாய்ந்தது? என் நண்பர்கள் யாராலும் விளக்க முடியவில்லை.

50 டன் என்று கிரேனின் மேல் எழுதியிருப்பது, நீளும் கையான பூமை முழுக்கச் சுருக்கி, பாரத்தைக் கிரேனுக்கு வெகு அருகில், ஏறத்தாழ மூன்று மீட்டர் தூரத்தில் வைத்துத் தூக்கும்போது மட்டும். பூம் நீள நீள, பாரம் தள்ளிப் போகப் போகத் தாங்கும் எடை மளமளவென்று இறங்கும். முப்பது மீட்டருக்கு எட்டிப் பிடித்தால் அதே 50 டன் கிரேன் ஏதோ ஓரிரண்டு டன்னைத்தான் தூக்கும். தூரத்தை அளப்பதும் கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரைக்கும். சக்கரத்தின் ஓரத்திலிருந்து இல்லை. கொக்கி, ஸ்லிங், ஷாக்கிள் எல்லாவற்றின் எடையும் பாரத்தோடு சேரும். எந்த நீளத்தில், எந்தத் தூரத்தில் எவ்வளவு என்ற அட்டவணை ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும். எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அட்டவணை சரியாக இருந்தாலும் தரை காலை வாரும். கிரேனின் நாலு கால்களையும் முழுக்க நீட்டி ஊன்றினால்தான் அந்த எண்கள் பொருந்தும். சந்து குறுகல் என்று ஒரு பக்கக் காலைப் பாதி நீட்டி ஊன்றுவார்கள். பாரம் அந்தப் பக்கம் சுற்றும்போது கிரேனின் எடை, பாரத்தின் எடை இரண்டிலும் பெரும்பகுதி அந்த ஒற்றைக் காலில் இறங்கும். அதன் கீழே போன மாதம் குழாய் புதைத்து மூடிய பள்ளமோ பழைய செப்டிக் டேங்கோ இருந்தால் மண் உள்வாங்கிவிடும். நீளமான கட்டைகளோ இரும்புத் தகடோ அடியில் போட்டு எடையைப் பரப்ப வேண்டும். இரண்டு செங்கல்லையும் ஒரு பலகைத் துண்டையும் போட்டு அதன் மேல் கால் ஊன்றியிருப்பதைக் கண்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

மூன்றாவது எதிரி காற்று. 2015 செப்டம்பர் 11 அன்று மெக்கா பெரிய பள்ளிவாசலின் விரிவாக்கப் பணியில் நின்றிருந்த ராட்சதக் கிரேன் புயல்காற்றில் சரிந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். வேலை முடிந்தும் பூமை இறக்கி வைக்காமல் விட்டிருந்தது காரணங்களில் ஒன்றாக விசாரணையில் வந்தது. இறந்தவர்கள் தொழுகைக்கு வந்தவர்கள். நம் பூந்தமல்லி அருகே 2020 பிப்ரவரி 19 அன்று 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் விழுந்து இறந்த மூவரும் படக்குழுவினர். கிரேன் சாயும்போது அதை இயக்குகிறவர் மேல்தான் விழ வேண்டும் என்று இல்லை. ஆகவே பூம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் வேறு ஆள் இருக்கக் கூடாது.

ஹைட்ரா கிரேன் ஹெல்பர், ஓசூர்: பாரம் ஆடாமல் இருக்க அதைக் கையால் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடந்து வரச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு தம்பி. பாரத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி, எட்டி நின்று, பக்கவாட்டில் நடந்து வாருங்கள். பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். ஹைட்ராவில் பூம் டிரைவரின் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பதால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்கிற ஆள் அவருக்குத் தெரியமாட்டார். பல மாடல்களில் திரும்பும்போது வண்டி நடுவிலேயே மடங்கும். நேராக நடந்துவந்த உங்கள் பக்கம் சக்கரம் சடாரென்று வந்து நிற்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. பாரம் இழுத்தால் விட்டுவிட முடிய வேண்டும். இந்த வகை விபத்துகளைப் பார்த்துச் சலித்த பெரிய நிறுவனங்கள் பல, தங்கள் சைட்டுக்குள் ஹைட்ராவையே விடுவதில்லை. உங்கள் ஓனர் வாங்கித் தர வேண்டியது இரண்டு முழக் கயிறு இல்லை, நல்ல நீளமான கயிறு.

சித்தாள், திண்டிவனம்: மில்லர் ஓடும்போது "முந்தானையை இழுத்துச் செருகு" என்று திட்டுகிறார்கள். போன மாதம் ஒருத்தியின் சேலை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நாங்கள் சேலை கட்டுவதுதான் குற்றமா?

இல்லை அம்மா. பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மேலே இரும்பு மூடி போட்டுத்தான் மில்லர் கம்பெனியிலிருந்து வருகிறது. ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் அதைக் கழற்றியிருப்பார். திரும்பப் பூட்ட நாலு போல்ட்டும் கொஞ்ச நேரமும் வேண்டும். அதைச் செய்யாமல் மூலையில் சாத்திவிட்டுப் போயிருப்பார். உங்கள் சைட்டில் தேடினால் அந்த மூடி மணல் குவியலுக்குப் பக்கத்தில்கூடக் கிடக்கலாம். அதைப் பூட்டாமல் மில்லரை ஓட்டச் சொல்கிறவர் குற்றவாளி.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்வது உங்களில் பலருக்கு வழக்கம்தான். அந்தச் சட்டை உடம்போடு ஒட்டியதாக, பித்தான் போட்டதாக இருக்கட்டும். சும்மாட்டுக்குக் கட்டும் துண்டின் முனை தொங்கக் கூடாது. சுற்றுகிற பகுதிக்குப் பக்கத்தில் தொளதொள கையுறை வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜல்லியும் மணலும் கொட்டுகிற தொட்டி மேலே ஏறி நிற்கும்போது, கீழே சிந்தியதை மண்வெட்டியால் வாரச் சொல்வார்கள். அந்தத் தொட்டியைத் தாங்கி நிற்பது ஒரு கம்பிக் கயிறும் பிரேக்கும்தான். பிரேக் வழுக்கினால் தொட்டி மொத்தமாகக் கீழே வரும். தொட்டியை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அல்லது மேலேயே பின் போட்டுப் பூட்டிய பிறகு வாருங்கள். பின் எங்கே என்று மிஷின்காரரைக் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் அடியில் போகாதீர்கள்.

பூம் பம்ப் ஆபரேட்டர், ஸ்ரீபெரும்புதூர்: லாரியின் டயர் ரப்பர் என்பதால், பூம் கரண்ட் கம்பியில் பட்டாலும் ஷாக் அடிக்காது என்கிறார்கள். உண்மையா?

சொன்னவர் உங்கள் வண்டியைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பூம் பம்ப் கான்கிரீட் போடும்போது டயரிலா நிற்கிறது? இரும்புக் கால்களை ஊன்றி நிற்கிறது. டயரில் நிற்கிற டிப்பருக்கும் இதே கதிதான். 11,000 வோல்ட் கம்பிக்கு லாரி டயர் ஒரு தடையே இல்லை.

கம்பியில் பட்டால்தான் என்றும் இல்லை. உயர் அழுத்தக் கம்பிக்கு மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும். 50,000 வோல்ட் வரையிலான கம்பிகளிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் விலக வேண்டும் என்பது அமெரிக்க விதி. காற்றில் பூம் ஆடும், பாரம் இறங்கியதும் பூம் மேலே எழும்பும் என்பதால் அதையும் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. வேலைக்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்வதுதான் நேர்வழி.

பட்டுவிட்டால்? கிரேன், டிப்பர் என்றால் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டது என்று வாரியத்து ஆள் சொல்லும்வரை இறங்கக் கூடாது. பதறி இறங்குகிறவர் ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலுமாக இருக்கும் அந்த நொடியில்தான் சாகிறார். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, வண்டியை எங்கும் தொடாமல் குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் ஒட்டினாற்போல் நகர்த்தியே விலக வேண்டும். தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும்; காலை அகட்டி வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். நீங்களோ ரிமோட்டோடு தரையில் நிற்கிறவர். குழாய் முனையைப் பிடித்திருப்பவரும் தரையிலோ ஈரக் கான்கிரீட்டிலோ நிற்கிறார். உங்கள் இருவருக்கும் கேபின் என்ற அடைக்கலம் இல்லை. அதனால் கம்பி இருக்கிற பக்கம் பூமைத் திருப்புவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரம் என்று யார் கத்தினாலும் அதை மாற்ற வேண்டாம்.

டிப்பர் ஓனர், நாமக்கல்: வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்துத்தான் வண்டியை எடுக்கிறோம். வேறென்ன செய்ய வேண்டும்?

வண்டியைத் தேய்த்துக் கழுவிச் சந்தனப் பொட்டு வைக்கிற அந்தக் கையாலேயே ரிவர்ஸ் ஹார்ன், பின் விளக்கு, பிரேக், ஹைட்ராலிக் குழாயில் கசிவு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். தொட்டியைத் தூக்கி வைத்து வேலை பார்க்கும்போது முட்டுக்கொடுக்கும் இரும்புத் தண்டு வண்டியில் இருக்கிறதா? இல்லையென்றால் பொரிகடலை வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்குங்கள்.

ஜேசிபி ஆபரேட்டர், உளுந்தூர்பேட்டை: எங்கே விபத்து நடந்தாலும் ஊர் கூடி எங்களைத்தான் அடிக்கிறது. எங்கள் கஷ்டத்தை யாராவது எழுதுவீர்களா?

எழுதுகிறேன். ஜேசிபிக்கு வாடகை மணிக்கணக்கு. மீட்டர் ஓடினால்தான் ஓனருக்குக் காசு. உங்களுக்குச் சம்பளம் குறைவு; ஓடிய மணிக்குத் தகுந்த பேட்டாவை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. பகலெல்லாம் ஒரு சைட், சாயங்காலம் இன்னொரு சைட், ராத்திரி ஏரி மண் என்று ஓடிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே தார்ப்பாய் விரித்துப் படுக்கிறீர்கள். தூங்காத கண்ணோடு லீவரைப் பிடிக்கிற ஆளிடமிருந்து நிதானத்தை எதிர்பார்ப்பது அநியாயம். மிஷின் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் பேட்டாவில் குறையும் என்கிற ஏற்பாடே, பின்னால் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டி எடுக்க உங்களை விடுவதில்லை. அடிக்க வருகிற ஊர்க்காரர்கள் அந்த மணிக்கணக்கை ஓனரிடம் போய்க் கேட்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு கேள்வி. டீ குடிக்க இறங்கும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துச் சாவியை எடுத்துக்கொள்கிறீர்களா? ஹெல்பர் பையன் ஆசைக்கு ஓட்டிப் பார்த்ததில் போன உயிர்கள் உண்டு.

கவுன்சிலர், ஈரோடு: பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து இருவர் புதைந்தார்கள். ஜேசிபியை விட்டுத் தோண்டியும் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. உடனே தோண்டியும் ஏன் பலனில்லை?

ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்பு விரியாது. சில நிமிடங்களே அவகாசம். ஜேசிபி பக்கெட்டுக்குள் இருப்பது மண்ணா, மனிதனின் தோளா என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. வண்டியின் எடையாலும் அதிர்வாலும் மீதிக் கரையும் சரியும். ஆள் இருக்கிற இடத்தைக் கையாலும் சிறு மண்வெட்டியாலும்தான் தோண்ட வேண்டும், அதுவும் கரைக்கு முட்டுக்கொடுத்த பிறகு. வெளியே எடுத்தவருடைய கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்திருந்தால், எவ்வளவு நேரம் என்பதை 108 ஊழியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாரம் விலகியதும், செத்த தசையிலிருந்து ரத்தத்தில் கலப்பவை இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்வது அதனால்தான்.

நீங்கள் கவுன்சிலர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கங்களில் பலகையும் முட்டும் அடிக்க வேண்டும்; தோண்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே குவிக்கக் கூடாது; மிஷினும் ஓரத்தில் நிற்கக் கூடாது. டெண்டரில் முட்டுக்கென்று தனியாகத் தொகை ஒதுக்கப்பட்டிருந்ததா? ஒதுக்கியிருந்தால் பணம் எங்கே, ஒதுக்காவிட்டால் ஏன் என்று மன்றக் கூட்டத்தில் கேட்கக் கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

கம்பி கட்டுபவர், திருவள்ளூர்: விரல் துண்டானால் ஐஸில் போட்டு எடுத்துப் போக வேண்டுமாமே?

நேராக ஐஸில் போட்டால் அந்த விரல் கெட்டுவிடும். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். அடிபட்ட கையைத் துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்தி வையுங்கள். மணிக்கட்டோ கையோ துண்டானால் அவகாசம் இன்னும் குறைவு, ஆறு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. உங்கள் ஊரிலிருந்து எட்டுகிற தூரம். பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு மறுநாள் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாசகி, கள்ளக்குறிச்சி: 2025 ஆடியில் டிப்பர் தொட்டி இறங்கி என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். முப்பது வயசு. கான்ட்ராக்டர் ஒரு லட்சம் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "குடித்திருந்தான், இதுவே அதிகம்" என்று வேறு சொன்னார். இரண்டு பிள்ளைகள். இனி ஏதும் செய்ய முடியுமா?

முடியும் அம்மா. அந்தப் பத்திரம் செல்லாது. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. இறப்புக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்து முடித்துக்கொள்ளவும் முடியாது. தொழிலாளர் துறையில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும்; அவர் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துத் தருவார்.

குடித்திருந்தார் என்பது பொய்யாக இருக்கட்டும், மெய்யாகவே இருக்கட்டும், மரணம் நேர்ந்த வழக்கில் அந்தச் சாக்கை வைத்து இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. இனி யாராவது அப்படிப் பேசினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டாம்.

கணக்கு இதோ. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் கணக்கில் எடுப்பது மாதம் 15,000 ரூபாய் வரைதான். முப்பது வயதுக்குக் காரணி 207.98. உங்கள் வீட்டுக்காரர் மாதம் 15,000 அல்லது அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் 7,500 ரூபாயை அதால் பெருக்குங்கள்: 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாத தாமதம் என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். கான்ட்ராக்டர் கைவிரித்தால், வேலையை அவரிடம் ஒப்படைத்த பில்டரும் பொறுப்பு.

விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, அவர் அங்கே வேலை பார்த்ததற்குக் கிடைக்கிற எந்தச் சான்றும் தேவை. கூலி வந்த ஜிபே குறிப்பு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப், சைட்டில் எடுத்த போட்டோ எதுவானாலும் சரி. உடன் வேலை பார்த்த இருவர் சாட்சி சொன்னால் நல்லது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் விபத்து மரண உதவி இதற்கு மேல் தனி. பணியிடத்தில் விபத்தில் இறந்தவர் வாரியத்தில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் குடும்பம் அதைக் கேட்கலாம்.

மற்ற வாசகர்களுக்கு: 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால் அதற்குப் பிந்தைய விபத்துகள் அதன் கீழ் வரும். பாதிச் சம்பளம், வயதுக் காரணி என்ற கணக்கு அதிலும் தொடர்கிறது. இஎஸ்ஐ பதிவு உள்ளவர்களுக்கு வழி வேறு. மாதந்தோறும் உதவித்தொகை அங்கிருந்து வரும்.

கட்டுமானத் தொழிலாளி, சிங்கப்பூர் (சொந்த ஊர் அறந்தாங்கி): எக்ஸ்கவேட்டரில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கியது. மனிதவள அமைச்சுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் சூப்பர்வைசர். லைட் டியூட்டி என்று ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

லைட் டியூட்டி கொடுத்த விபத்தையும் அமைச்சுக்குத் தெரிவிப்பது அங்கே முதலாளியின் கடமை. 2020 செப்டம்பரிலிருந்து சட்டம் அப்படித்தான். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலை அனுமதியை ரத்து செய்தாலும் கோரும் உரிமை போகாது. மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளி என்றால் 14 நாள், மருத்துவமனையில் இருந்தால் 60 நாள் முழுச் சம்பளம், அதன் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, காயத்தின் படம் எல்லாவற்றையும் இன்றே ஊருக்கு உங்கள் மனைவியின் போனுக்கு அனுப்பி வையுங்கள். புரியாத காகிதம் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் உங்களை மிரள வைக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடனை அடைக்க வேண்டியதும் இந்தக் கைதானே.

சைட் இன்ஜினியர், சென்னை: வயசு 23. சிக்னல்மேன் கேட்டால் "நீ எதுக்கு இருக்கே?" என்கிறார் மேனேஜர். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். என்ன செய்ய?

வாயால் கேட்டதை இன்று எழுத்தால் கேளுங்கள். "நாளை காலை பத்து மணிக்கு டிரான்சிட் மிக்ஸர் ரிவர்ஸ் வரும் இடத்தில் கம்பி வேலை நடக்கிறது. சிக்னல்மேன் வேண்டும், அல்லது அதுவரை கம்பி வேலையை நிறுத்த அனுமதி வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. கோபம் வேண்டாம், புகார் வேண்டாம். எழுத்தில் வந்த கேள்விக்கு 'வேண்டாம்' என்று எழுத்தில் பதில் சொல்ல எந்த மேனேஜரும் யோசிப்பார். நாளை ஏதாவது நடந்தால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் போடும் வழக்குக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. அந்த வழக்கில் சைட்டில் இருந்த இளைய இன்ஜினியர் பெயர்தான் முதலில் எழுதப்படும். வேலை இன்னொன்று கிடைக்கும்.

பூ வியாபாரி, மதுரை: எங்கள் தெருவில் கட்டடம் கட்டுகிற இடத்தில் வேலையாட்கள் மத்தியானம் லாரி நிழலில் படுத்துத் தூங்குகிறார்கள். பிள்ளைகளும் கூட. சொன்னால் சிரிக்கிறார்கள்.

வேறு நிழல் இல்லை அம்மா, அதனால் அங்கே படுக்கிறார்கள். பில்டரைப் பார்த்தால் ஒரு பந்தல் போடச் சொல்லுங்கள். லாரி டிரைவரைப் பார்த்தால், வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

மேஸ்திரி, ஸ்ரீபெரும்புதூர் சாலை: ஒடிசா, பீகார் தம்பிகள்தான் இப்போது எங்களிடம் அதிகம். தமிழ் தெரியாது. கிரேன் ஆபரேட்டர் சேலத்துக்காரர், இந்தி தெரியாது. யார் சொல்வது யாருக்குப் புரியும்?

கிரேன் வேலைக்கு வாய் எதற்கு? கைச் சைகைகள் இருக்கின்றன: தூக்கு, இறக்கு, பூமை நீட்டு, பூமைச் சுருக்கு, சுற்று, நிறுத்து. படத்தோடு அச்சடித்த தாள் கிரேன் கம்பெனிகளிடமே கிடைக்கும். அதைக் கேபினிலும் சைட் வாசலிலும் ஒட்டுங்கள். சிக்னல் கொடுக்க ஒரே ஆள்தான். அவர் மட்டும் வேறு நிறத்தில் சட்டை போடட்டும். ஆபரேட்டர் அவர் கையை மட்டும் பார்க்கட்டும். நாலு பேர் நாலு பக்கம் கை ஆட்டுவதுதான் நம் சைட்டுகளின் பெரிய வியாதி.

நிறுத்து என்பதற்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்து, பக்கவாட்டில் வீசுவது நிறுத்து. இரண்டு கையையும் அப்படி வீசினால் அவசரமாக நிறுத்து. டீ கொண்டு வருகிற பையன் வீசினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியதற்காக அந்தப் பையனை யாரும் திட்டக் கூடாது. நாளைக் காலை வேலை தொடங்கும் முன் எல்லாத் தம்பிகளையும் வரிசையில் நிற்க வைத்து, இந்த ஒரு சைகையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். சேலத்து ஆபரேட்டரும் கேபினிலிருந்து இறங்கி வந்து பார்க்கட்டும்.